மதினி வாங்கிய வேட்டி

எங்கள் குடும்பத்து ஆண்கள் யாரும் கடையில் வேட்டி வாங்குவதில்லை. அண்ணன் கட்டுவதும் நான் கட்டுவதும் மதினி வேலை செய்த இடங்களில் கிடைத்தவை. அவற்றில் முதல் வேட்டி பல வருடங்கள் என் பையில் இருந்தது. கருநீலக் கரை போட்ட ஒற்றை வேட்டி. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குக் கல் கொண்டுவரும் லாரிகளுக்கு நடுவே அதை விரித்துத் தூங்கியிருக்கிறேன். பொன்முடி எஸ்டேட் லயத்தில் குளிருக்கு இரண்டாக மடித்துப் போர்த்தியிருக்கிறேன். மதுரைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது அதைக் கட்டிக்கொண்டு நின்றதால் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்து முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள். துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து, கரை வெளுத்து, கையில் எடுத்தால் கனமே தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் அதைத் தூக்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. அது வந்த விதம் அப்படி.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பிறகு ஓரிடத்தில் நிலைத்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, கோயம்புத்தூரில் ஹோட்டல், நடுவில் கொஞ்சகாலம் லாரியில் கிளீனர் என்று சுற்றிவிட்டு, கையில் ஒன்றும் இல்லாத ஒரு காலையில் திருவனந்தபுரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். வீடு என்றால் கரமனை ஆற்றுப் பக்கம் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும். அண்ணன் தென்காசிப் பக்கத்திலிருந்து அங்கே போய் ஆறேழு வருடம் ஆகியிருந்தது. தச்சு வேலைக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். நான் போனபோது அவன் வேலைக்குப் போகவில்லை. இழைப்பு மிஷின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை எடுத்துவிட்டிருந்தது. கையைத் துணியால் சுற்றிக்கொண்டு இடது கையால் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். மதினி வேலைக்குப் போயிருந்தார். அவனுடைய வேலைக்கு.

கையாள் வேலை என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. ஆசாரி கோடு போடுகிறார், அறுக்கிறார், பொருத்துகிறார். அதற்கு முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் கையாள் வேலை. லாரியில் வரும் மரத்தை இறக்க வேண்டும். மிஷினில் போகும் பலகையின் மறுமுனையைப் பிடித்து நிற்க வேண்டும். மரத்தூளைப் பசையில் குழைத்து ஓட்டைகளை அடைக்க வேண்டும். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கதவுக்கு ஒரு நாள் போய்விடும். மாலையில் மூக்கைச் சிந்தினால் என்ன மரம் அறுத்தோம் என்று அதிலேயே தெரியும்.

அதற்குக் கூலி அப்போது எண்ணூற்றைம்பது ரூபாய். ஊரில் இந்தத் தொகையைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். அதைக் கேட்டுத்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்கு வருகிறார்கள். வந்த பிறகுதான் கூலி மட்டுமல்ல, விலையும் இந்த ஊர் விலை என்பது தெரிகிறது. அறை வாடகை, வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பஸ், மதியம் ஒரு மீன் கறிச் சோறு, பிள்ளையின் பள்ளிக்கூட வேன், ஊருக்கு அனுப்புவது என்று எண்ணூற்றைம்பது அந்தி சாய்வதற்குள் இளைத்துவிடும். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. கர்க்கடக மாதம், நம் ஆடி, அங்கே யாரும் புது வீட்டு வேலையைத் தொடங்கமாட்டார்கள். அந்த மாதம் முழுவதும் மழையும் கடனுமாகத்தான் கையாள் வீடுகளில் போகும். ஆவணியில் சம்பாதிப்பது ஆடிக் கடனுக்குப் போகும். அண்ணன் அந்த ஊருக்கு வந்ததிலிருந்து எந்த ஆடியையும் கடன் இல்லாமல் தாண்டியதில்லை.

இது எண்ணூற்றைம்பதின் கதை. மதினிக்குக் கிடைத்தது ஐந்நூற்றைம்பது. பெண்ணாள் கூலி அவ்வளவுதான்.

வேலை கொடுத்தவரை எல்லோரும் மூத்தாசாரி என்றே அழைப்பார்கள். நெடுமங்காட்டுப் பக்கத்து மலையாளி. எந்நேரமும் வாயில் வெற்றிலை. கெட்டவர் இல்லை. அண்ணனின் விரல் போன அன்று தன் ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். மருந்துச் செலவையும் அவரே கொடுத்தார். மதினி மறுவாரம் போய், "அவரு எடத்துக்கு நான் வாரேன்" என்று நின்றபோது சிரிக்காமல் சேர்த்துக்கொண்டார். நான் போனபோது மதினி இரண்டு மாதமாக அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். சேலைக்கு மேலே அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டியிருப்பார். என்னையும் அவரே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார்.

முதல் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்காக நின்றோம். மதினி என் கையைப் பார்த்தார். எனக்கு எண்ணூற்றைம்பது வீதம் கொடுத்திருந்தார்கள்.

"கொழுந்தனாரே, மரத்துல ரேகை போற போக்குலதான் உப்புத்தாளு போகணும்னு ஒங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான் மைனி."

"ஒங்களுக்கு எண்ணூத்தம்பது. சொல்லிக் குடுத்தவளுக்கு ஐநூத்தம்பது. சரி, திங்கக்கெழமையில இருந்து தப்பாச் சொல்லித் தாரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடுதலாக வந்ததை அவரிடமே கொடுத்துவிடுகிறேன் என்றேன். அதற்குத்தான் கோபம் வந்தது. "ஒங்க முந்நூற நான் வாங்குனா அது ஒங்க தயவு. எனக்கு என் முந்நூறு வேணும்" என்றார். பஸ் வந்தது. அவர் முன்வாசலில் ஏறினார், நான் பின்வாசலில் ஏறினேன். கூட்டத்துக்கு மேலே அவர் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது.

மறுவாரம் பத்து மணிச் சாயா நேரத்தில் மூத்தாசாரியிடம் கேட்டேவிட்டார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். "அக்கா, எல்லா சைட்டிலும் பெண்ணாளுக்கு இதாணு ரேட்டு. ஞான் மாத்திரம் கூட்டிக் கொடுத்தா மற்ற ஆசாரிமார் என்னெ சும்மா விடுமோ?"

"நான் செய்யாத வேலை எது, அதச் சொல்லுங்க சேட்டா."

அவர் கொஞ்சம் யோசித்தார். பேச்சை முடிக்க ஒரு வழி கிடைத்த மாதிரி சிரித்தார். "கட்டிள பொக்குமோ? கட்டிள பொக்கி வேட்டி வாங்கிச்சா, பின்னே முழுக்கூலி."

கட்டிளை என்றால் வாசல் நிலை, பொக்குவது என்றால் தூக்குவது. அங்கே வீடு கட்டும்போது தலைவாசல் நிலையை நிறுத்துவது பெரிய சடங்கு. நேரம் பார்த்து, விளக்கேற்றி, ஆசாரிக்கு வெற்றிலையில் தட்சணை வைத்துக் கொடுப்பார்கள். மூத்தாசாரி வேலை செய்யும் இடங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. நிலையைத் தூக்கி நிறுத்தும்போது அதில் கை வைத்த ஒவ்வொருவருக்கும் வீட்டுக்காரர் ஒரு வேட்டி கொடுக்க வேண்டும். வேட்டி வாங்கியவன்தான் அவருடைய ஆள். ஆண் என்றால் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு நிலை தூக்குவான் என்று முதல் நாளிலேயே முழுக்கூலி. பெண் அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்பாள் என்பதால் அவளுக்குக் குறைவு. ஷெட்டில் அதே நிலையைப் புரட்டிப் போடுவதும் வண்டியில் ஏற்றுவதும் மதினியும் சேர்ந்துதான். ஆனால் அதெல்லாம் தூக்குவதில் சேர்த்தி இல்லை.

மூத்தாசாரி வேடிக்கையாகச் சொன்னதை மதினி வாக்காக எடுத்துக்கொண்டார். அன்று மாலை அண்ணனிடம் சொன்னபோது அவன், "அந்த வேலையும் போயிரும், பாத்துக்க" என்றான். அவன் பயம் நியாயமானது. நான் எப்போது கிளம்பிப் போவேன் என்று எனக்கே தெரியாது. மதினியின் கூலி ஒன்றுதான் அந்த வீட்டுக்கு நிச்சயம். "அடுத்த நிலை வைப்புல வேட்டி கெடைக்கலன்னா மறு திங்கக்கெழம நான் போகமாட்டேன். ஹோட்டல்ல பாத்திரம் கழுவப் போறேன். கம்மிக் கூலின்னு தெரிஞ்சே வாங்குத எடம் அது. இங்க அப்படி இல்லல்லா" என்றார் மதினி. அண்ணன் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தான்.

விதுரா போகும் வழியில் ஒரு வீட்டில் நிலை வைப்பு வந்தது. வளைகுடாவில் இருந்து திரும்பியவர் கட்டும் வீடு. நிலை ஆஞ்ஞிலி மரத்தில், நம் ஊர் அயினி. ஆஞ்ஞிலியைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், பார்க்க மஞ்சளாகச் சாதுவாக இருக்கும், தோளில் வைத்தால்தான் அதன் குணம் புரியும். விடியற்காலையிலேயே போய்விட்டோம். மூத்தாசாரி, அவர் மருமகன், நான், மதினி. மதினி பட்டுக்கரைச் சேலை கட்டியிருந்தார். அதற்கு மேலே அதே முழுக்கைச் சட்டை. முற்றத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுப் பெண்கள் ஒரு பக்கமாகக் கூடி நின்றார்கள். நல்ல காரியத்துக்கு அங்கே பெண்கள் குரவை இடுவார்கள். அவர்களில் ஒரு அம்மா பிரியமாகத்தான் கூப்பிட்டார். "அக்கா, இங்ஙோட்டு வா. குரவயிடாம்."

"குரவ பின்ன இடாம் அம்மா. ஆத்யம் இத பொக்கட்டே" என்று சொல்லிவிட்டு மதினி நிலையின் இடது காலருகே குனிந்தார். மூத்தாசாரி அவரைப் பார்த்தார். நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. விலகு என்று சொன்னால் நான்காவது ஆளுக்கு அவர் எங்கே போவார்? உறவுக்காரர்கள் எல்லோரும் இஸ்திரி போட்ட உடுப்பில் நின்றார்கள். அவர் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கையை வைத்தார்.

தூக்கினோம். பாதி உயரத்தில் நிலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூத்தாசாரி, "தமிழா, பொக்கடா!" என்று கத்தினார். கத்தியது என்னைப் பார்த்து. தாழ்ந்தது என் பக்கம். மதினியின் பக்கம் மட்டமாக நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். நிலை நேராக நின்றது, குரவை எழுந்தது. மதினியும் நிலையிலிருந்து ஒரு கையை எடுக்காமலேயே அந்தப் பெண்களோடு சேர்ந்து குரவை இட்டார். அதைக் கேட்டு மருமகன் சிரித்துவிட்டான்.

பிறகு தட்டு வந்தது. தட்சணை, வெற்றிலை, பாக்கு, மூன்று வேட்டிகள். மதினிக்கு ஒரு ரவிக்கைத் துணி. வீட்டுக்காரர் மேல் தப்பில்லை, ஆண்களை எண்ணி வாங்கியிருக்கிறார். மூத்தாசாரி வாங்கினார். மருமகன் வாங்கினான். நானும் வாங்கினேன். மதினி ரவிக்கைத் துணியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"இது நல்லாருக்கு சார். ஆனா இதுல கை வெச்சது நாலு பேரு."

வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. மூத்தாசாரியைத் திரும்பிப் பார்த்தார். "எந்தா ஆசாரீ?"

எனக்கு அந்த நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மூத்தாசாரியின் தாடை அசைவது நின்றது. ஒரு வேட்டி அவருக்குப் பெரிதில்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் மதினி அதை வாங்கிவிட்டால் சனிக்கிழமை அவர் வாக்கு நிற்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இல்லை என்று சொன்னால் மதினி போய்விடுவார் என்பதும் தெரியும். அதை முன்தினமே அவரிடம் சொல்லியிருந்தார். மதினி நிலையைப் பார்த்தபடி நின்றார். சட்டைக் கை மடிப்பில் மண் ஒட்டியிருந்தது. முகத்தில் கெஞ்சல் ஒன்றும் இல்லை.

மூத்தாசாரி ஓரமாகப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சரியாணு சாரே. நாலு பேராணு" என்றார்.

குரவைக்குக் கூப்பிட்ட அந்த அம்மாவே உள்ளே ஓடிப்போய் ஒரு புது வேட்டியைக் கொண்டுவந்தார். விஷுவுக்குக் கணவருக்கு வாங்கி வைத்ததாம். கருநீலக் கரை. மதினி அதை வாங்கிக்கொண்டார். ரவிக்கைத் துணியையும் அந்த அம்மா விடவில்லை, சேர்த்தே கையில் திணித்தார்.

அந்தச் சனிக்கிழமை மூத்தாசாரி முழுக்கூலியை மதினியிடம் நீட்டி, "வேட்டி வாங்கிச்சல்லோ, இனி லோடு வந்தா மாறி நிக்கான் பற்றில்ல" என்றார். இனி ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுவரை லாரி வந்தால் பெரிய மரங்களை எங்களுக்கு விட்டுவிட்டு மதினிக்குச் சட்டங்களைக் கொடுப்பார்கள். அன்றிலிருந்து பங்கு சமம். சில இரவுகளில் மதினியால் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. அண்ணன் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவான், மிச்சம் இருக்கிற விரல்களால். வலிக்கிறது என்று மதினி சொல்வார். கூலி குறையட்டும் என்று சொன்னதில்லை.

நிலை வைத்த அன்று வீட்டுக்கு வந்ததும் வேட்டியை அண்ணன் மடியில் போட்டார். அவன் விரித்துப் பார்த்தான், கரையைக் கசக்கிப் பார்த்தான். "சாயம் போகும். உப்புத் தண்ணியில நனச்சுப் போடு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் பல வாரங்களாக வெளியே தலைகாட்டாமல் இருந்தவன் அன்று டீக்கடைக்குப் போனான். மதினி அவனுடைய வேலைக்குப் போவதால்தான் அவன் வெளியே போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. என்ன சொல்லியிருக்கிறான் என்பது மறுநாள் தெருக்குழாயில் பெண்கள் மதினிக்கு வழி விட்டதில் தெரிந்தது.

முந்நூறு ரூபாய் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், எங்கள் வீட்டில் அது ஆடி வரைக்கும் போயிற்று. மதினி அந்த முந்நூறைத் தனியாகவே வைத்தார். முதலில் வாடகைப் பாக்கி தீர்ந்தது. அரிசி சில்லறையாக வாங்குவது போய் மூட்டையாக வந்தது. மூட்டையாக வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்பது, மூட்டை வாங்கக் கையில் பணம் இல்லாதவர்களுக்கும் நன்றாகவே தெரியும். கர்க்கடகம் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. வேலை இல்லை. கூரையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் எல்லோரும் அந்த ஒரே அறையில் இருந்தோம். சாலைக் கடைத்தெருவில் வட்டிக்குக் கொடுப்பவர் வழக்கம்போல எட்டிப் பார்த்து, "எதாச்சும் வேணுமா?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன், "சாயா குடிக்கீங்களா?" என்று கேட்டு உட்காரவைத்தான். அவர் குடித்துவிட்டுப் போனார். அந்த வீட்டில் கடன் இல்லாமல் போன முதல் ஆடி அது.

மழை விட்டதும் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. கிளம்புகிறேன் என்றேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் கட்டாமல் மடித்து வைத்திருந்த அந்த வேட்டியை மதினி எடுத்துத் தந்தார். எனக்குக் கிடைத்ததை நான் முன்பே விற்றுத் தின்றிருந்தேன். "எனக்கு எதுக்கு? நானா கட்டப் போறேன்? யாராவது கேட்டா எங்க மைனி சம்பாதிச்சதுன்னு சொல்லும்." பல இடங்களில் கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் மறுபடியும் போனேன். அண்ணன் ஒரு மரக்கடையில் காவலுக்கும் மரம் அளக்கவும் இருக்கிறான். மதினி இப்போது மெருகு வேலைக்காரர். கதவுக்குப் பாலிஷ் என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கூடவே களியக்காவிளையிலிருந்து வந்த ஓர் அக்கா கையாள். அவருக்கு முதல் நாளிலிருந்தே முழுக்கூலி. மதினி தன் வேலைக்கு வைத்த நிபந்தனை அது. சமீபத்தில் ஒரு நிலை வைப்பில் வீட்டுக்காரர்கள், பெண்கள் ஆயிற்றே என்று இரண்டு பேருக்கும் நல்ல விலையில் சேலை வாங்கி வைத்தார்களாம். மதினி வாயைத் திறப்பதற்குள் மூத்தாசாரியே, "சேலை நிங்கட இஷ்டம். வேட்டி நிர்பந்தம்" என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது மதினி மூத்தாசாரியைப் போலவே வெற்றிலை மெல்லுவதாக நடித்துக் காட்டினார்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பலா மரத்துக் கதவு ஒன்று முக்காலிகள் மேல் கிடந்தது. "அந்தப் பழைய வேட்டி இருக்கா?" என்று மதினி கேட்டார். நான் பெருமையாகப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "நல்லா பதமா வந்திருக்கு" என்றார். அடுத்த நொடி டர்ரென்று கிழித்தார்.

"மைனி! மொத வேட்டி!"

"அதுக்கென்ன, சாமி படமா அது? மெருகுக்கு இந்தப் பதத்துல துணி கெடைக்காது. இத்தன வருசம் துவைச்சு எனக்குக் கையாள் வேலை பாத்திருக்கீரு. வீட்டுல புதுசு கெடக்கு, எடுத்துக்கிடும்."

பாதியைக் களியக்காவிளை அக்காவிடம் கொடுத்தார். பாதியை மடித்து உருட்டி மெருகில் தொட்டு, ரேகை போகும் போக்கில் ஒரே இழுப்பாக இழுத்தார். மங்கிக் கிடந்த பலகையில் பலாவின் பொன்னிறம் எழுந்து வந்தது. இந்த வேலைக்கு இப்போது அவருக்குக் கிடைப்பது ஆசாரி கூலியைவிட நூறு ரூபாய் குறைவு. அந்த நூறைப் பற்றி மூத்தாசாரியிடம் பேச்சு தொடங்கியாயிற்று என்று, வெளுத்த கருநீலக் கரை விரலிடுக்கில் தெரிய, கதவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.